சித்திர சேரின் புதன்கிழமை

அவருடைய கை ரெண்டும் எப்போதும் பின்னால்தான் இருக்கும். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு பிள்ளைகளின் மேசைகளுக்கு நடுவே மெல்ல நடப்பார். வயல் வரம்பில் நடந்து பழகின நடை என்று ஸ்டாஃப் ரூமில் நாங்கள் சிரிப்போம். வரிப்பத்தான்சேனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற மனிசன். விதைப்புக் காலத்தில் சப்பாத்தின் ஓரத்தில் சேறு காய்ந்து கிடக்கும். எங்கள் பள்ளிக்கூடம் கல்முனைப் பக்கம், கடலுக்குக் கிட்ட. டவுன் டீச்சர்மார் நாங்கள். அவருக்கு 'வயல் சேர்' என்று பெயர் வைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒளிக்க எனக்கு இடமிருக்காது.

அவர் ஒன்றாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டு வரைக்கும் சித்திரம் எடுத்தார். நான் ஐந்தாம் ஆண்டு வகுப்பு டீச்சர். ஐந்தாம் ஆண்டு என்றால் எங்கள் ஊரில் ஸ்கொலசிப். அதற்கு மேலே வேறு விளக்கம் தேவையில்லை. புலமைப்பரிசில் சோதினையில் எத்தனை பிள்ளை வெட்டுப்புள்ளிக்கு மேலே போனதோ அத்தனை பங்கு டீச்சருக்கு மரியாதை. கலியாண வீட்டுக்குப் போனால் முன் கதிரை. மீன் வாங்கப் போனால், "டீச்சருக்கு நல்லதாப் பாத்துப் போடு" என்று பக்கத்தில் நிற்கிறவர்கள் சொல்வார்கள். அந்த மரியாதை தலைக்கு ஏறியிருந்த காலம் அது.

ஒரு நாள் கேட்டேன்.

"என்னத்துக்கு சேர் கைய அப்பிடிக் கட்டிக்கொண்டு திரியிறீங்க? களவெடுத்த ஆள் மாதிரி."

"அவுத்து விட்டா அது புள்ளையள்ட பேப்பருக்குப் போயிரும் டீச்சர். கெட்ட கை" என்று சிரித்தார்.

வேலைக்கு வந்த புதுசில் ஒரு பிள்ளை கீறின ஆட்டுக்குக் காலைச் சரிப்படுத்திக் கொடுத்தாராம். அடுத்த கிழமை அந்தப் பிள்ளை வெறும் பேப்பரைக் கொண்டுவந்து நீட்டி, "சேர், நீங்களே கீறித் தாங்க" என்றதாம். வருஷம் முடியும் வரைக்கும் அதே கதைதானாம். "ஒரு ஆட்டுக்கால் டீச்சர். அதோட அந்தப் புள்ளைட கை போயிட்டு" என்றார். இதுக்கெல்லாமா ஒரு மனிசன் இப்படி வருத்தப்படுவார் என்று நான் பேப்பர் திருத்தப் போய்விட்டேன்.

ஆளும் லேசுப்பட்ட ஆளில்லை. கிழமையில் மூன்று நாள் சுணங்கித்தான் வருவார். பாடக்குறிப்பு எழுதவே மாட்டார். அதிபர் சத்தம் போட்டால், "எழுதிப் பாத்தன் சேர். நான் எழுதினது ஒண்டு, புள்ளையள் கீறினது வேற ஒண்டு" என்பார். அறுவடைக் காலத்தில் ஸ்டாஃப் ரூம் மூலையில் கதிரையிலிருந்தே நித்திரை, குறட்டை வேறு. தேத்தண்ணியை உறிஞ்சிக் குடிக்கிற சத்தம் அடுத்த வகுப்புக்குக் கேட்கும். இதையெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் அவருடைய பாடத்தை எடுப்பதற்கு எனக்கு நானே நியாயம் தேடிக்கொண்டேன்.

பிள்ளையிடம் போய் 'இது என்ன படம்?' என்று கேட்கவே மாட்டார். குனிந்து, "கதையச் சொல்லுங்க மகள்" என்பார். பிள்ளை சொல்வதைத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் சின்னதாக எழுதிக்கொள்வார். கை முன்னுக்கு வருவது அதற்கு மட்டும்தான். ஒரு முறை ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு ஓடி வந்தார். தாள் முழுக்கக் கறுப்பு. பின்பக்கத்தில், 'மாடு கிட்ட வந்துட்டு' என்று எழுதியிருந்தது. சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணால் தண்ணி வந்தது. வாய் சும்மா இருக்குமா எனக்கு?

"ஒரு கறுப்புப் பெஸ்டல் வீண்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் தாளை மடிக்காமல், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே போனார்.

ஐந்தாம் ஆண்டுக்குச் சித்திரம் புதன்கிழமை, மூன்றாம் பாடமும் நாலாம் பாடமும். நேரசூசியில் அப்படித்தான் இருந்தது. ஆனால் புதன்கிழமை அவர் பெஸ்டல் போட்ட பிஸ்கட் டின்னோடு வாசலில் வந்து நிற்பார், நான் போர்ட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பேன்.

"இண்டைக்கு ஒரு பேப்பர் முடிக்க வேண்டிக் கிடக்கு சேர்."

"சரி டீச்சர்."

டின் சத்தம் கேட்டதும் முப்பத்தாறு தலையும் வாசல் பக்கம் திரும்பும். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் திரும்பியபடியே இருக்கும். அதைப் பார்க்க எனக்குக் கோபம் வரும், பிள்ளைகளில் இல்லை, அவரில். ஒரு பெற்றோர் கூட்டத்தில் எழும்பி, "சித்திரம் கீறி யாரு டொக்டராகின?" என்று கேட்டேன். தாய்மார் கொல்லென்று சிரித்தார்கள். அவர் பின்னால் கதவடியில் நின்றார். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போது நினைவுக்கு வந்தால் நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போல இருக்கும்.

அந்த வருஷம் என் வகுப்பில் ருஷ்தா என்று ஒரு பிள்ளை. வாப்பா கத்தாரில். உம்மாவும் மூன்று பிள்ளைகளும். அமைதியான பிள்ளை, கேட்டால்தான் வாய் திறப்பாள். நல்லாப் படிக்கிற ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தாள். போர்ட்டில் கணக்குப் போட்டால் இவள் என் முகத்தையும் பார்க்க மாட்டாள், போர்டையும் பார்க்க மாட்டாள். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைத்தான் எட்டிப் பார்ப்பாள். நான் விடுவேனா? எழுப்பி நிற்பாட்டி, "பாத்தெழுதுறியா? கள்ளி" என்று கேட்டேன். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் இல்லையென்றும் சொல்லவில்லை. யாருடைய கொப்பியையும் பார்க்க ஏலாதபடி ஆகப் பின்னுக்கு, ஜன்னலடியில் தனி மேசை போட்டு இருத்தினேன்.

அதோடு அவளுடைய கணக்கெல்லாம் பிழைத்தது. ஏழு என்று நான் எழுதினதை ஒன்று என்று எழுதுவாள். மூன்றை எட்டு என்பாள். "பாத்தீங்களா? புடிபட்டுட்டா" என்று ஸ்டாஃப் ரூமில் பெருமையாகச் சொன்னேன். போட்டோ கொப்பி பேப்பர் கொடுத்தால் மட்டும் நல்லாச் செய்தாள். டியூஷனில் முன்னமே செய்திருப்பாள் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடத்துக்கு டொக்டர்மார் வந்து பிள்ளைகளைப் பார்த்த நாளில் அவள் காய்ச்சலில் கிடந்திருக்கிறாள். அதுவும் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாம் தவணை தொடங்கின புதிதில் ஒரு புதன்கிழமை, தங்கச்சியின் மகளுடைய கலியாணக் காவினுக்காக நான் லீவு. அந்த வருஷத்தில் அவருக்கு ஒழுங்காகக் கிடைத்த முதல் பாடம் அதுதான் என்று நினைக்கிறேன். பிள்ளைகளைப் பின் வளவுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அங்கே தென்னோலைக் கிடுகு வேலி, வேலிக்கு அங்கால மணல், அதற்கு அங்கால கடல். இருந்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிறதைக் கீறச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த நாள் அந்தத் தாள்களோடு என்னிடம் வந்தார். எல்லாத் தாளிலும் கடல், தோணி, கரைவலை இழுக்கிற ஆட்கள். ருஷ்தாவின் தாளில் வேலி மட்டும். ஆனால் என்ன வேலி! கிடுகின் ஒவ்வொரு பின்னலும், ஈர்க்கும், கட்டின கயிறும், கயிற்றில் ஊர்ந்த எறும்பும், எறும்பின் ஆறு காலும். வேலிக்கு மேலே வெறும் வெள்ளை.

பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அவர் கேட்டதும் அவள் சொன்னதும் பென்சிலில் இருந்தன.

'கடல் எங்க மகள்?'

'கடல் இங்கிருந்து காணுற இல்லயே சேர். சத்தம்தானே கேக்குற. சத்தத்த எப்பிடிக் கீறுற?'

'மத்தப் புள்ளையள் தோணி கீறியிருக்காங்களே?'

'அவங்க நினைச்சிக் கீறுறாங்க.'

"டீச்சர், இந்தப் புள்ளைக்குத் தூரம் தெரியல்ல. எல்லாருக்கும் இப்பிடித்தான் எண்டு நினைச்சிக்கொண்டிருக்கா. அவள ஒருக்கா முன்னுக்கு இருத்திப் பாருங்களன்."

நான் வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என் கையில் திருத்தின பேப்பர்க் கட்டு. முதல் நாள் காவின் வீட்டு அலுப்பு வேறு. அதையெல்லாம் இப்போது சொல்லி என்ன, சாட்டுத்தானே.

"வேலிக்குக் கிட்ட இருந்தா வேலியத்தான் கீறுவா சேர். அவள் பாத்தெழுதுறவள். முன்னுக்கு வெச்சா திரும்பவும் களவெடுப்பா."

"இல்ல டீச்சர், அவள் விடைய பாக்கல்ல. கேள்வியத்தான் பாத்திருக்கா."

அது எனக்குச் சுரீரென்று பட்டது. உண்மை என்று அந்த இடத்திலேயே தெரிந்தது. தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

"உங்கட பாடத்த நீங்க பாருங்க சேர். என்ட வகுப்ப நான் பாக்கன்."

அதன்பிறகும் இரண்டு தரம் வந்து கேட்டார். இரண்டு தரமும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ருஷ்தா ஜன்னலடியிலேயே இருந்தாள். முன்னுக்கு எடுத்தால் நான் பிழை விட்டேன் என்று வகுப்புக்குத் தெரிந்துவிடுமே! ஒரு மேசையை நாலு முழம் நகர்த்த எனக்கு மனம் வரவில்லை. வெட்கம் கெட்ட கதை, ஆனால் அதுதான் உண்மை.

சோதினைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஒரு காலையில் அதிபர் என்னை ஒபிசுக்குக் கூப்பிட்டார். போனால், ருஷ்தாவின் உம்மா வட்டிலப்பச் சட்டியோடு நிற்கிறா. பக்கத்தில் ருஷ்தா, முகத்தில் புதுக் கண்ணாடி. அதிபரின் மேசையில் சித்திர சேர் வழக்கம்போல சுணங்கி வந்து வரவுப் புத்தகத்தில் ஒப்பம் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா.

"நீங்க சித்திர சேர எங்கட வீட்டுக்கு அனுப்பாட்டி என்ட புள்ள இன்னும் கண்ணு தெரியாமத்தான் டீச்சர் இருந்திருப்பா. சேர் வளவுக்கு வெளிய, கடப்படியில நிண்டு, 'வகுப்பு டீச்சர்தான் என்ன அனுப்பின, அவவுக்கு வரக் கிடைக்கல்ல' எண்டு சொன்னார். பொம்புளப் புள்ளைக்குக் கண்ணாடி போட்டா நாளைக்கு யாரு கட்டுவா எண்டு எனக்குப் பயம். ஆனா டீச்சரே சொல்லி அனுப்பியிருக்கா எண்டா விட ஏலுமா? அடுத்த நாளே கிளினிக்குக் கொண்டு போன."

நான் அவரைப் பார்த்தேன். அவர் பேனையை மூடிப் பொக்கெட்டில் வைத்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். அதிபர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். 'நான் அனுப்பவில்லை' என்று சொல்ல எவ்வளவு நேரம் தேவை? ஒரு மூச்சு.

"அல்ஹம்துலில்லாஹ். நம்மட கடமதானே" என்றேன்.

வெளியே வந்ததும் விறாந்தையில் அவரைப் பிடித்தேன்.

"ஏன் சேர் அப்பிடிச் சொன்ன?"

"ஆம்புள இல்லாத வீடு டீச்சர். நானாப் போய் கடப்படியில நிண்டா ஊர் என்ன கதைக்கும்? உங்கட பேர எடுத்தன். கேக்காம எடுத்தது என்ட பிழைதான், மன்னிச்சிக்கங்க."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்! நான் மன்னித்தும் விட்டேன். "பரவாயில்ல சேர்" என்றேன், அல்லாஹ்வே.

இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தார். "அப்பிடியெண்டா எனக்கு ஒண்டு தாங்க டீச்சர். புதன்கிழமைப் பாடத்தத் தாங்க." பாதிச் சிரிப்பாகத்தான் கேட்டார். ஆனால் நான் பதில் சொல்லும் வரைக்கும் அசையாமல் நின்றார். எனக்குத் தெரிய, யாரிடமும் அவர் வாய் விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

"சோதின முடியட்டும் சேர், எல்லாப் புதனும் உங்களுக்குத்தான்" என்றேன்.

சோதினை முடிந்ததும் இரண்டு புதன் கொடுத்தேன். மூன்றாவது புதன், அடுத்த வருஷத்துப் பிள்ளைகளை இப்போதே தொடங்குவோம் என்று நாலாம் ஆண்டையும் சேர்த்து இருத்திக் கணக்குப் போட்டேன். டின்னோடு வாசலில் வந்து நின்றார். "சரி டீச்சர்" என்றார்.

ருஷ்தாவுக்கு வெட்டுப்புள்ளிக்கு நாலு புள்ளி குறைவு. வேலிப் படத்தை அவர் என் கையில் தந்த நாளுக்கும் கண்ணாடி வந்த நாளுக்கும் இடையில் இரண்டரை மாதம். இதைப் பலமுறை நினைத்திருக்கிறேன். அந்தத் தாய் அதற்கும் கோபிக்கவில்லை. "அல்லாஹ்ட நாட்டம் டீச்சர். கண்ணு கிடைச்சதே போதும்" என்றா.

பரிசளிப்பு விழாவில் அதிபர் அந்தக் கதையை மைக்கில் சொன்னார். ஒரு பிள்ளையின் கண்ணைக் காப்பாற்றிய அர்ப்பணிப்புள்ள ஆசிரியை என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஞாபகச் சின்னம் ஒன்று தந்தார்கள். மேடையிலிருந்து பார்த்தேன். கடைசி வரிசையில் அவர் நின்றார். ஒன்றையும் ஏந்தாமல் அவருடைய இரண்டு கையையும் முன்னுக்குக் கண்டது அன்றைக்குத்தான். கை தட்டிக்கொண்டிருந்தார். அந்த ஞாபகச் சின்னம் இன்னும் எங்கள் வீட்டு ஷோகேசில் இருக்கிறது. தூசு தட்டும்போது அதை மட்டும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு தட்டுவேன்.

அடுத்த வருஷமே ஊர்ப் பக்கம் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது பிஸ்கட் டின்னை எங்கள் அலுமாரியில் வைத்துவிட்டுப் போனார், பிள்ளைகளுக்கென்று. அவருக்குப் பதிலாகச் சித்திரத்துக்கு ஆள் கேட்போமா என்று அதிபர் கேட்டார். "கணக்குக்கு ஒராளக் கேளுங்க சேர்" என்றேன். டின்னில் நான் சோக்கட்டி போட்டு வைத்திருக்கிறேன். அவர் பென்ஷன் எடுத்துக்கொண்டு வெள்ளாமை செய்கிறார் என்று கேள்வி. வரிப்பத்தான்சேனை என்ன கத்தாரா? காலையில் பஸ் ஏறினால் பகலுக்குள் போய் வரலாம். போகவில்லை.

போன மாதம் பெற்றோர் கூட்டத்துக்கு உம்மாவுக்குப் பதிலாக ருஷ்தா வந்திருந்தாள். கெம்பசில் படிக்கிறாள். அந்த வருஷத்துக்குப் பிறகு பிறந்த கடைசித் தங்கச்சி இப்போது என் வகுப்பில். பதினொரு வருஷம் ஆகிறது. கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, சுவரில் ஒட்டியிருந்த நேரசூசியைக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தாள். பிறகு போர்டைப் பார்த்தாள். போர்ட் நிறையக் கணக்கு.

"இண்டைக்கு புதன்தானே டீச்சர்? மூணாம் பாடம் சித்திரம் எண்டு போட்டிருக்கு."

பதினொரு வருஷமாக உள்ளே கிடந்தது அப்படியே வெளியே வந்தது.

"ருஷ்தா, அண்டைக்கு உங்கட வீட்டுக்கு சேர அனுப்பினது நானில்ல மகள்."

"எனக்குத் தெரியும் டீச்சர்."

"எப்பிடி?"

"நீங்க ரெண்டு பேரும் வாசல்ல நிண்டு கதைச்சீங்கதானே. எனக்குக் கண்ணுதான் தெரியாம இருந்த. காது கேட்டதானே."

கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். 'பாத்தெழுதுறவள்', 'களவெடுப்பா' என்று நான் சொன்னதையெல்லாம் ஜன்னலடியில் இருந்துகொண்டு கேட்ட பிள்ளை, அதற்குப் பிறகும் வழியில் கண்டால் சலாம் சொல்லாமல் போனதில்லை.

"உம்மாட்ட வந்து நான் சொல்லுறன்" என்றேன்.

"வேணா டீச்சர். உம்மா இப்பயும் தொழுதா உங்கட பேரச் சொல்லித்தான் துஆ கேக்கிற. அதக் கெடுக்காதீங்க."

தங்கச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அவருக்குச் சேர வேண்டிய துஆ ஒவ்வொரு தொழுகைக்கும் என் பேரில் போய்க்கொண்டிருக்கிறது. அதைத் தடுக்கவும் எனக்கு அனுமதியில்லை.

அடுத்த புதன், மூன்றாம் பாடத்துக்கு மணி அடித்ததும் போர்டை அழித்தேன். டின்னிலிருந்த சோக்கட்டியைக் கொட்டிவிட்டு, கல்முனை டவுனில் வாங்கின பெஸ்டலைப் போட்டேன். ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். "விருப்பமானதக் கீறுங்க" என்று சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரு பிள்ளையும் பெஸ்டலைத் தொடவில்லை. முப்பத்திநாலு பிள்ளையும் என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். கடைசியில் முன் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி, "இது சோதினைக்கு வருமா டீச்சர்?" என்று கேட்டது.

"வராது மகள். சும்மா கீறுங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ருஷ்தாவின் தங்கச்சி, அக்காவைப் போலவே மெல்லிய குரலில் சொன்னாள்:

"எங்களுக்குத் தெரியா டீச்சர். போர்ட்ல நீங்க ஒண்டு கீறிப் போடுங்களன், பாத்துக் கீறுறம்."